மூட மனம் வராத டேபுகள்: காரைக்குடி வரி ஆலோசகர் அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சிறு அலுவலகங்களில் கணினி திணறும்போது உடனே கிடைக்கும் அறிவுரை, "டேபை எல்லாம் மூடுங்க" என்பதுதான். பிரவுசரில் திறந்து வைத்திருக்கும் பக்கங்களைத்தான் டேப் என்கிறோம். இந்த நிகழ்வில் அதை ஏற்கெனவே பலரும் பல முறை சொல்லியிருந்தார்கள். ஒரு முறைகூடப் பலிக்கவில்லை. ஏன் பலிக்கவில்லை என்று தேடிப் போனதில் கிடைத்ததை இங்கே பதிவுசெய்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கணினிப் பராமரிப்பு என் தொழில். அலுவலகத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ இதில் இல்லை. உரிமையாளரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

## பின்னணி

காரைக்குடிக் கடைவீதியை ஒட்டிய ஒரு மாடி அறை. வரி ஆலோசகர் ஒருவர், அவரிடம் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஓர் அக்கா, கல்லூரி முடித்துச் சேர்ந்த இரண்டு இளையவர்கள். உரிமையாளர் பேரேடும் ஐந்தொகையும் கையால் எழுதிப் பழகிய தலைமுறை. கணினியில் உட்காருவது பெரும்பாலும் அக்காதான்.

வாடிக்கையாளர்கள் எல்லாரும் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, புதுவயல் அரிசி ஆலை, கண்டாங்கிச் சேலைக் கடை, பழைய மரச்சாமான் விற்பவர், கோட்டையூரிலிருந்து முறுக்கும் சீப்புச் சீடையும் செய்து வெளியூருக்கு அனுப்பும் ஆச்சி ஒருவர். எல்லாருக்கும் மாதாமாதம் ஜிஎஸ்டி படிவம் போட வேண்டும். மாதாந்திரக் கணக்குக்காரர்களுக்கு விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம் 11ஆம் தேதிக்குள், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி படிவம் 20ஆம் தேதிக்குள். ஆகவே அந்த அலுவலகத்தில் மாதம் இரண்டு முறை நெருக்கடி வரும். மற்ற நாட்களில் யாரும் அவ்வளவாகப் பொருட்படுத்தாத கணினித் தாமதம் அந்த இரண்டு தேதிகளில் தாங்க முடியாததாகிவிடும்.

கணினிகள் மூன்று. அக்காவுடையது பழைய டெஸ்க்டாப். ரேம் (வேலை நடக்கும்போது கணினி கைவசம் வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்) 4 ஜிபி, பழைய வகைச் சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இளையவர்களில் ஒருவரிடம் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் (சுழலாத, வேகமான டிஸ்க்) உள்ள புதிய டெஸ்க்டாப். மூன்றாவது ஒரு லேப்டாப். அதை உரிமையாளர் எப்போதாவதுதான் திறப்பார். புகார் வந்தது முதல் கணினியைப் பற்றி மட்டும். இந்த வேறுபாடு பின்னால் பெரிதும் உதவியது.

## 20ஆம் தேதி மாலை

என்னை அழைத்ததற்குக் காரணமான சம்பவம் இது. நான் அப்போது அங்கே இல்லை. அக்கா சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

கோட்டையூர் ஆச்சியின் 3பி படிவம் தயாராகி, வரியும் கட்டியாகிவிட்டது. ஓடிபி போட்டுச் சமர்ப்பிப்பது மட்டும்தான் பாக்கி. தனிநபர் வணிகம் என்பதால் ஆச்சியின் கைபேசிக்கு வரும் எண்ணைக் கேட்டு வாங்கி இங்கே உள்ளிட வேண்டும். ஆச்சி போனில், "இரும்மா, கண்ணாடியை எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எண்களை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். மூன்று எண் அடித்ததும் திரை வெளுத்துவிட்டது. பக்கம் பதிலளிக்கவில்லை, காத்திருக்கவா, மூடவா என்று கேட்கும் பெட்டி வந்தது. காத்திருந்தார்கள். மவுஸ் மட்டும் நகர்ந்தது, வேறெதுவும் நகரவில்லை. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டார்கள்.

மறுபடி இயக்கியதும் பிரவுசர், பழைய டேபுகளை மீட்கவா என்று கேட்டது. ஆம் என்று கொடுத்தார்கள். முன்பிருந்த அத்தனை பக்கங்களும் திரும்ப ஏறத் தொடங்க, கணினி முன்பைவிட மோசமாக நின்றது. அலுவலகம் மூடும்வரை அந்தப் படிவம் போகவில்லை. மறுநாள் காலையில்தான் போனது.

தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், மத்திய வரியில் 25, மாநில வரியில் 25. தொகை சிறியதுதான். ஆனால் அது அடுத்த மாதப் படிவத்தில் வந்து நிற்கும், ஆச்சி கேட்பார், பதில் சொல்ல வேண்டும். "நாங்க தப்பே பண்ணலையே சார்" என்று அக்கா உரிமையாளரிடம் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறார். அவர் வேலையில் குறையில்லை என்பதை முதலிலேயே இங்கே சொல்லிவிடுகிறேன்.

## முதலில் சந்தேகித்தவை

நான் போனபோது இரண்டு முடிவுகள் ஏறக்குறைய எடுக்கப்பட்டிருந்தன. ஒன்று, இன்டர்நெட் இணைப்பை மாற்றுவது. இன்னொன்று, "ரேமைச் சுத்தம் செய்யும்" இலவச மென்பொருள். அதை இளையவர் ஏற்கெனவே நிறுவியும் விட்டார்.

இணைப்புச் சந்தேகம் சீக்கிரம் தீர்ந்தது. அதே வைஃபையில் என் கைபேசியிலும் எஸ்எஸ்டி உள்ள கணினியிலும் அதே பக்கம் உடனே திறந்தது. அக்காவின் கணினியில் மட்டும் நின்று நின்று வந்தது. மூவருக்கும் ஒரே இணைப்பு, ஒருவருக்கு மட்டும் தாமதம். அப்படியென்றால் குறை இணைப்பில் இல்லை. மாற்றும் யோசனை அத்தோடு கைவிடப்பட்டது.

சுத்தம் செய்யும் மென்பொருளைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பல அலுவலகங்களில் இதைப் பார்க்கிறேன். பட்டனை அழுத்தியதும் ரேம் உபயோகம் சட்டென்று இறங்குவது போலக் காட்டும். நடப்பது என்னவென்றால், இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள் ரேமில் வைத்திருந்ததை அது வெளியே தள்ளிவிடுகிறது. அடுத்த நிமிடம் அந்த நிரலைத் தொட்டால், தள்ளியதை டிஸ்கிலிருந்து மறுபடி எடுத்து வர வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் இது உதவியே அல்ல, உபத்திரவம். எது எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பட்டனை அழுத்திக் காட்டினேன். ரேமைக் காட்டும் மெமரிக் கோடு இறங்கிய சில நொடிகளில் டிஸ்க் கோடு உச்சிக்குப் போய் அங்கேயே நின்றது. இளையவர் தானாகவே அதை நீக்கிவிட்டார்.

## அளந்து பார்த்தபோது

கணினியைப் புதிதாக இயக்கிவிட்டு அளந்தால் எதுவும் தெரியாது. வேலை நடுவில், வழக்கமான நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அளக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் (கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப்) காட்டியது இதுதான்: மெமரி ஏறக்குறைய நிறைந்திருந்தது, டிஸ்க் 100 சதவீதம், பிராசஸர் மட்டும் பாதி வேலைகூடச் செய்யாமல் காத்திருந்தது. ரேம் நிறைந்திருப்பது மட்டுமே கோளாறு ஆகாது. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயனில்லை, விண்டோஸும் பிரவுசரும் கிடைத்த இடத்தைப் பயன்படுத்தத்தான் செய்யும். இடம் போதாமல் போய், ரேமில் இருக்க வேண்டியதை டிஸ்கில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து என்று ஆகும்போதுதான் கணினி நிற்கிறது. முகப்பில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர், ஒவ்வொரு வரிக்கும் எழுந்து இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சிட்டையைப் பார்த்துவிட்டு வந்தால் எப்படியோ அப்படி. எழுதுகிற வேகத்தில் குறை இல்லை, நடையிலேயே நேரம் போய்விடுகிறது.

அடுத்து, பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டாஸ்க் மேனேஜர். குரோமில் ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தினால் வரும். இது இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால் பெரியது முதல் சிறியது வரை வரிசையாகிவிடும். அதில் பார்த்தவை:

மேலே நின்றது மின்னஞ்சல் டேப். காலை முதல் மாலை வரை திறந்தே இருக்கும். அடுத்து ஆன்லைன் எக்செல் தாள்கள். மூன்றாவதாக ஒரு செய்தித்தளம். யாரோ காலையில் திறந்து மறந்தது. அது ஒரே வரியாக இல்லாமல், விளம்பரச் சட்டகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாகப் பட்டியலில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் மின்னஞ்சலை மிஞ்சியது. அதற்கும் கீழே, பிடிஎஃப் மாற்றுவதற்காக எப்போதோ சேர்த்த ஒரு எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரோடு ஒட்டும் துணை நிரல்), தள்ளுபடிக் கூப்பன் தேடும் ஒரு எக்ஸ்டென்ஷனும். இரண்டாவது யார் சேர்த்தது என்றே தெரியவில்லை.

இது குரோமில் மட்டும். அதோடு எட்ஜும் பயர்ஃபாக்ஸும் திறந்திருந்தன. வாட்ஸ்அப் வெப் இரண்டு இடத்தில். பின்னால் டேலி என்ற கணக்கு மென்பொருள். எல்லாம் 4 ஜிபிக்குள், அதிலும் ஒரு பங்கைத் திரைக்கான கிராஃபிக்ஸ் தனியாக எடுத்துக்கொண்ட பிறகு.

மூன்று பிரவுசர் ஏன் என்று கேட்டேன். அக்கா சொன்ன காரணம் நியாயமானது. ஜிஎஸ்டி தளத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு உள்ளே போயிருக்கும்போது, அதே பிரவுசரில் இன்னொருவருக்குப் போனால் முதலாமவர் வெளியேற்றப்படுகிறார். நுழைவு அடையாளமாகிய குக்கீ பிரவுசருக்குப் பொதுவானது, டேபுக்குத் தனி அல்ல. ஒருவருடைய ஓடிபிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்தவர் வேலையைப் பார்க்க அவர் கண்ட வழி, வேறு பிரவுசர் திறப்பது. அதுவும் போதாதபோது இன்காக்னிட்டோ, அதாவது வரலாறு எதையும் வைக்காத தனி விண்டோ. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே கண்டுபிடித்திருக்கிறார். வழி சரி, செலவுதான் அதிகம். ஒவ்வொரு பிரவுசரும் தன் அடிப்படை வேலைகளுக்கே தனித்தனியாக ரேம் எடுக்கும்.

## அக்காவின் டேப் வரிசை

இந்த ஆய்வில் என்னைப் பொறுத்தவரை முக்கியமான பகுதி இதுதான்.

குரோமில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட டேபுகள். தலைப்பெழுத்து எதுவும் தெரியாத அளவுக்கு ஒடுங்கி, வரிசையாகச் சின்னம் மட்டும். அதில் பெரும்பாலானவை ஒரே தளம், ஆகவே ஒரே சின்னம். பார்க்கிற எனக்கு எல்லாம் ஒன்றுதான். அக்காவுக்கு அப்படி இல்லை. "இது டைல்ஸ் பட்டறை, இன்னும் கொள்முதல் பில் வரலை. பக்கத்துல அரிசி ஆலை, சார் பார்க்கணும். அதுக்கு அடுத்தது ஆச்சி" என்று விரலை வைத்து வரிசையாகச் சொன்னார். இடமிருந்து வலமாக, வேலை பாக்கி இருக்கும் ஒழுங்கில் அடுக்கியிருந்தார். ஒன்று முடிந்தால்தான் அந்த டேப் மூடப்படும்.

அவர் சொன்னதில் சிலவற்றைச் சொடுக்கிப் பார்த்தோம். பெரும்பாலானவை நுழைவுப் பக்கத்துக்குப் போய்விட்டன. பாதுகாப்புக்காக, சற்று நேரம் தொடாமல் விட்டால் வெளியேற்றிவிடும்படிதான் வரித்தளங்களும் வங்கித்தளங்களும் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆக, திறந்து வைத்திருந்த அந்தப் பக்கங்களுக்குள் எதுவும் இல்லை. அக்கா காத்துவந்தது பக்கத்தை அல்ல, அது யாருடையது, எந்த நிலையில் நிற்கிறது என்ற நினைவை. அதற்கு விலையாக ரேம் போய்க்கொண்டிருந்தது.

"அதை மூடாதீங்க தம்பி, அப்புறம் கிடைக்காது." நான் மவுஸை எடுத்தபோதெல்லாம் அவர் சொன்னது இது. முன்பு ஒருமுறை, இதேபோல வந்த ஒருவர் எல்லா டேபையும் மூடிவிட்டுப் போயிருக்கிறார். மாதக் கடைசி. யாருக்கு என்ன பாக்கி என்று மறுபடி கண்டுபிடிக்க அவர் பட்ட பாட்டைச் சொன்னபோது, அறிவுரை ஏன் பலிக்கவில்லை என்பது புரிந்தது. மூடியதைத் திரும்பப் பெற வழி தெரியாதவரிடம் மூடச் சொல்லிப் பயனில்லை.

## குரோம் ஏன் இவ்வளவு எடுக்கிறது

உரிமையாளர் கேட்ட கேள்வி இது. சுருக்கமாகச் சொன்னதை இங்கேயும் தருகிறேன்.

2008இல் குரோம் வந்தபோதே, டேபுகளைத் தனித்தனி இயக்கங்களாக (பிராசஸ்) பிரித்து வைக்கும் முறையோடுதான் வந்தது. ஒரு பக்கம் உடைந்து விழுந்தால் மற்றவை பிழைத்துக்கொள்ளும். 2018 தொடக்கத்தில் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் குறைபாடு வெளியானது. அதைத் தொடர்ந்து அதே ஆண்டு குரோம் 67ஆம் பதிப்பில், வெவ்வேறு தளங்களைத் தனித்தனி இயக்கத்தில் பூட்டி வைக்கும் ஏற்பாடு வழக்கமாக்கப்பட்டது. ஒரு பக்கத்துக்குள் இருக்கும் அந்நிய விளம்பரச் சட்டகம்கூடத் தனியாகப் பிரியும். செய்தித்தளம் பல வரிகளாகச் சிதறியது இதனால்தான். இதற்காக 10 முதல் 13 சதவீதம் வரை கூடுதல் மெமரி போகும் என்று கூகுள் அப்போதே சொல்லியிருந்தது.

இந்தப் பிரிப்பை அணைத்துவிட்டால் ரேம் மிச்சமாகும் என்று ஒரு யோசனை உலவுகிறது. இளையவரும் கேட்டார். மறுத்துவிட்டேன். வங்கி, வருமான வரி, ஜிஎஸ்டி மூன்றும் விளம்பரப் பக்கங்களோடு ஒரே கணினியில் திறந்திருக்கும் அலுவலகம் இது. பலருடைய பணமும் கணக்கும் அந்தத் திரையில் இருக்கின்றன. அந்தச் சுவரை இடித்து ரேம் சேர்ப்பது எந்த வகையிலும் தகாது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

திரும்பும் வழி முதலில், மூடுவது அப்புறம். எந்த டேபையும் நான் மூடவில்லை. முதலில் அக்காவுக்கு ஒரு ஷார்ட்கட் மட்டும்: கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி. கடைசியாக மூடிய டேப் திரும்ப வரும், மறுபடி அழுத்தினால் அதற்கு முன் மூடியது, இப்படியே பின்னோக்கிப் போகலாம். முழு விண்டோவை மூடியிருந்தாலும் வரும். அவரையே ஒரு டேபை மூடச் சொல்லி, அவரையே வரவழைக்கச் சொன்னேன். பிறகு மூன்றை ஒன்றாக. மூன்றும் அதனதன் இடத்திலேயே வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும், "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்றார்.

இதன் எல்லையையும் அப்போதே காட்ட வேண்டியிருந்தது. திரும்ப வருவது பக்கத்தின் முகவரிதான். நேரம் கடந்திருந்தால் மறுபடி உள்நுழைய வேண்டும், பாதி நிரப்பியது போயிருக்கலாம். இன்காக்னிட்டோ விண்டோவில் மூடியது இப்படித் திரும்பவே திரும்பாது, எதையும் நினைவில் வைக்காமல் இருப்பதுதான் அதன் வேலை. அதுவரை முக்கியமான சில படிவங்களை அவர் இன்காக்னிட்டோவில்தான் செய்துகொண்டிருந்தார். எல்லா இன்காக்னிட்டோ விண்டோக்களும் ஒரே நுழைவைப் பகிர்பவை என்பதும் அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மற்ற ஷார்ட்கட்கள் அவர் கேட்கக் கேட்கச் சேர்ந்தன. கன்ட்ரோலோடு 1 முதல் 8 வரையிலான எண்ணை அழுத்தினால் அந்த இடத்து டேப், 9 என்றால் எத்தனை இருந்தாலும் கடைசி டேப். கன்ட்ரோல் + டேப் விசை வலப்பக்கம் நகர, ஷிஃப்டையும் சேர்த்தால் இடப்பக்கம். கன்ட்ரோல் + டபிள்யூ மூட. மவுஸின் நடுச்சக்கரத்தால் டேபின் மேல் அழுத்தினாலும் மூடும். கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ அழுத்தினால் தேடல் பெட்டி வரும், திறந்திருப்பவையும் சமீபத்தில் மூடியவையும் அதில் கிடைக்கும். மின்னஞ்சலையும் எக்செல் தாளையும் தேட இது நன்றாக உதவியது. ஜிஎஸ்டி டேபுகளுக்கு உதவவில்லை, தலைப்பு எல்லாம் ஒன்றாகவே இருந்ததால். அதற்கு வேறு வழி வேண்டியிருந்தது.

பாக்கிப் பட்டியல் நோட்டுக்கு. அந்த வேறு வழி, ஒரு நீளக் கோட்டு நோட்டு. வாடிக்கையாளர், மாதம், ஜிஎஸ்டிஆர்-1, 3பி, என்ன பாக்கி, யாரிடம் பாக்கி என்று பத்தி பிரித்தார்கள். நான் எக்செல் தாள் ஒன்றைத்தான் சொன்னேன். உரிமையாளர் நோட்டுதான் வேண்டும் என்றார். மூன்று பேரும் கணினியைத் தொடாமலே பார்க்கலாம், மின்சாரம் போனாலும் இருக்கும் என்பது அவர் வாதம். ஒப்புக்கொண்டேன். அக்கா டேப் வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் ஏற்றி, ஏற்றியதைத் தானே மூடினார். மாலைக்குள் நாற்பது சொச்சம், பத்துச் சொச்சம் ஆனது. இந்த மாற்றத்துக்கு எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை.

மூன்று பிரவுசருக்குப் பதில் இரண்டு புரொஃபைல். குரோமிலேயே புரொஃபைல், அதாவது தனித்தனிப் பயனர் அமைப்பு, பிரித்தால் குக்கீயும் நுழைவும் தனித்தனியாகிவிடும். ஒரு வாடிக்கையாளருக்கு ஓடிபி காத்திருக்கும்போது அடுத்தவரை இன்னொரு புரொஃபைலில் திறக்கலாம். இரண்டு புரொஃபைலும் ஒரே பிரவுசரின் அடிப்படை இயக்கத்தைப் பகிர்ந்துகொள்வதால், வேறு பிரவுசர் திறப்பதைவிடச் செலவு குறைவு. நிறமும் வேறு கொடுத்தோம்: முதல் புரொஃபைல் பச்சை, அடுத்தது ஆரஞ்சு. எந்தத் திரையில் யார் இருக்கிறார் என்ற குழப்பம் வராமல் இருக்க இது அவசியம். ஒருவருடைய பக்கம் திரையில் இருக்க, உள்ளே இன்னொருவருடைய நுழைவு நடப்பது வரி வேலையில் ஆபத்தான நிலைமை. ஒரே நேரத்தில் இருவருக்கு மேல் திறப்பதில்லை என்றும் அவர்களே முடிவு செய்தார்கள். எக்ஸ்டென்ஷன்கள் இரண்டும் நீக்கப்பட்டன. வாட்ஸ்அப் வெப் ஒரே இடத்தில்.

மெமரி சேவர். 2022 கடைசியில் குரோம் 108இல் வந்த வசதி. அமைப்புகளில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் இருக்கிறது. தொடாமல் கிடக்கும் டேபுகளை ரேமிலிருந்து இறக்கிவிடும், டேப் மட்டும் அதன் இடத்தில் நிற்கும், சொடுக்கினால் பக்கம் மறுபடி ஏறும். மூன்று அளவுகளில் நடுத்தரத்தைத் தேர்ந்தோம். ஒலி ஓடும் டேப், பதிவிறக்கம் நடக்கும் டேப், பின் செய்த டேப், அரைகுறையாக நிரப்பிய படிவம் ஆகியவற்றை அது பொதுவாகத் தொடாது. ஆனாலும் நிரப்பிச் சேமித்துவிட்டு ஓடிபிக்காகக் காத்திருக்கும் பக்கத்தை அது எப்படிக் கணக்கில் எடுக்கும் என்பதை நம்பி வரி வேலையை விட முடியாது. ஆகவே எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களின் பட்டியலில் ஜிஎஸ்டி, வருமான வரி ஆகிய இரண்டை மட்டும் சேர்த்தோம். மின்னஞ்சலையும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் போட்டால் வசதியை அணைத்து வைத்ததற்குச் சமம்.

எட்ஜிலும் இதே போன்ற வசதி 2021 தொடக்கத்திலிருந்து உண்டு. பயர்ஃபாக்ஸ் 2021 அக்டோபரில் 93ஆம் பதிப்பில், விண்டோஸில் மெமரி நெருக்கடி வந்தால் பழைய டேபை இறக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. குரோமைத் தேர்ந்ததற்குக் காரணம், அக்கா பழகியது அது என்பது மட்டும்தான்.

வன்பொருள். "இவ்வளவுக்கு ரேம் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா முடிஞ்சிடாதா?" என்று உரிமையாளர் கேட்டார். ரேம் தேவைதான், வாங்குவோம் என்றேன். ஆனால் பழக்கம் மாறாமல் ரேம் மட்டும் கூடினால், நாற்பது டேப் எழுபது ஆகும், சில மாதத்தில் இதே அழைப்பு வரும். எஸ்எஸ்டி கணினிக்காரரும் இதே பழக்கத்தில்தான் இருந்தார், வேகமான டிஸ்க் அதை மறைத்துக்கொண்டிருந்தது. அவர் கணினியில் அளந்தபோது அங்கேயும் ரேம் நிறைந்துதான் இருந்தது. பழக்கம் மாறிய பிறகு, காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் 4 ஜிபி சேர்த்து, ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாற்றினோம்.

## பின்னர் நடந்தது

ரேமும் எஸ்எஸ்டியும் வருவதற்கு முன்பே அடுத்த 11ஆம் தேதி வந்துவிட்டது. கணினி வேகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நிற்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்ததே தவிர உச்சியில் ஒட்டிக்கொள்ளவில்லை. படிவங்கள் எல்லாம் அன்று மாலைக்குள் போயின.

20ஆம் தேதிக்குள் புதிய உதிரிகள் வந்துவிட்டன. அன்று ஒரு சிறு தடங்கல். இளையவர் ஒரு டேபை மூட நினைத்து கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டபிள்யூ அழுத்திவிட்டார், விண்டோவே மூடிவிட்டது. முன்பாக இருந்தால் என்னை அழைத்திருப்பார்கள். அக்கா எட்டிப் பார்த்து, "ஷிஃப்ட் டி போடு" என்றிருக்கிறார். விண்டோ வந்தது, தளம் மறுபடி கடவுச்சொல் கேட்டது, போட்டு முடித்தார்கள். எனக்கு இது பிறகு போனில்தான் தெரிந்தது.

ஆச்சியின் தாமதக் கட்டணத்தை அலுவலகமே ஏற்றுக்கொண்டது. அது உரிமையாளரின் முடிவு.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அக்கா இப்போதும் தேவைக்கு மேல் டேப் வைத்திருக்கிறார். நெருக்கடி நாட்களில் இருபதைத் தாண்டும். மெமரி சேவர் அவற்றில் பாதியை இறக்கி வைத்திருப்பதால் பாதிப்பு இல்லை. டேபின் மேல் மவுஸை வைத்தால் அது எத்தனை எம்பி எடுக்கிறது என்று குரோமே இப்போது காட்டுகிறது. பெரிய எண்ணைப் பார்த்தால் அவரே மூடிவிடுகிறார். செய்தித்தளத்தை கைபேசியில் பார்த்துக்கொள்கிறார்கள். நோட்டு தவறாமல் எழுதப்படுகிறது, அதை உரிமையாளர் தினமும் கேட்டு வாங்கிப் பார்ப்பதால்.

## வேறோர் அலுவலகத்தில் மாற்றிச் செய்ய வேண்டியவை

திரும்பும் வழியைக் காட்டிவிட்டு மூடச் சொல்லும் வரிசை மாறக் கூடாது. மற்றவற்றில் மாற்றம் தேவை.

சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள இடமாக இருந்தால், ரேமுக்குக் காத்திராமல் எஸ்எஸ்டியை முதல் வாரத்திலேயே மாற்றிவிடலாம். பழக்கம் மாறுவதற்கு அது தடையாக இருக்காது, நெருக்கடித் தேதியில் ஒரு பாதுகாப்பும் கிடைக்கும். ரேமை மட்டும் பழக்கம் மாறிய பிறகு அளந்து பார்த்து வாங்கலாம்.

நெருக்கடித் தேதிக்கு முந்தைய நாள் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்வதும், பிரவுசர் திறக்கும்போது பழைய டேபுகளைத் தானாக ஏற்றாதபடி அமைப்பதும் முதல் நாளே செய்ய வேண்டியவை. 20ஆம் தேதி மாலையில் நிலைமையைக் கெடுத்ததில், எல்லாவற்றையும் மீட்கக் கொடுத்த அந்த ஒரு சொடுக்குக்குப் பெரிய பங்கு உண்டு. தேவையான ஒன்றை மட்டும் வரலாற்றுப் பட்டியலிலிருந்து (கன்ட்ரோல் + ஹெச்) திறந்திருந்தால் படிவம் அன்றே போயிருக்க வாய்ப்பிருந்தது. இதை இப்போது இளையவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஓடிபி வாங்கும் படிவங்களைக் கடைசி நாள் மாலைக்கு வைக்காமல், முந்தைய நாளே முடிப்பது என்று நோட்டில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வயதானவர்களிடம் எண் கேட்டு வாங்க நேரம் பிடிக்கும், அந்த நேரத்தைக் கணினி எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாக்கி இருப்பது விண்டோஸ் விஷயம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அக்காவின் கணினியில் உள்ள பிராசஸர் விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பதிந்து கொஞ்ச காலம் ஓட்டலாம் என்றாலும், வரி அலுவலகத்தில் அது நெடுநாளைக்கு ஆகாது. கணினியை மாற்றும்போது புதிய எஸ்எஸ்டி பொருந்தினால் அதை எடுத்துக்கொள்ளலாம், புரொஃபைல் இரண்டையும் அப்படியே கொண்டுபோகலாம். எந்த மாதத்தில் மாற்றுவது என்பதை உரிமையாளர் முடிவு செய்வார். 11க்கும் 20க்கும் இடையில் மட்டும் வேண்டாம் என்று அக்கா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.